நெல் அவித்த அடுப்பின் சாம்பல்

எங்கள் தெருவில் யார் வீட்டில் நெல் அவிக்கிறார்கள் என்பது விடிவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஊறிய நெல் ஆவியில் வேகிற வாசனை, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இனிப்புமாக, தைப் பனியோடு சேர்ந்து கூரைகளுக்கு மேலே தங்கி நிற்கும். உத்திரமேரூரைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை வீட்டிலேயே அவித்து, களத்தில் காயவைத்து, அப்புறம்தான் மில்லுக்குக் கொண்டுபோவார்கள். 1970களில் எங்கள் வீட்டு வாசலிலும் அப்படியொரு அடுப்பு இருந்தது. பெரிய கருங்கல் மூன்று, அதன்மேல் ஆள் உட்காரக்கூடிய அண்டா, அடியில் வேலிகாத்தான் முள்ளும் உமியும். எங்களுக்கு நெல்லைப் பற்றிக் கவலையில்லை. அடுப்பு எப்போது அணையும் என்றுதான் காத்திருப்போம்.

ஏனென்றால் ஆயாவின் மடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும்.

ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். இப்போது என் பேத்தி என்னை ஆயா என்று கூப்பிட்டால் என் மகள் திருத்துகிறாள். அவளுக்கு ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு இன்னமும் சாம்பல் வாசனைதான் வருகிறது.

அண்டாவை இறக்கியதும் ஆயா எரிகிற கட்டைகளை ஒருபக்கம் தள்ளுவாள். வெறும் சாம்பல் மேட்டில் கையாலேயே குழி பறிப்பாள். அந்தக் கைக்குச் சூடு தெரியாது. கழுவாத கிழங்கு, மண்ணை மட்டும் தட்டிவிட்டது, குழிக்குள் இறங்கும். மேலே ஒரு சாண் சாம்பல். அதற்கும் மேலே நாலு கங்கு. நாங்கள் பொறுமையில்லாமல் கங்குக்குள்ளேயே போடப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவாள்.

"நெருப்புல போட்டா கருகும்டி. சாம்பல்ல பொதைச்சாத்தான் வேவும். போ, போயி குளிச்சிட்டு வா."

குளித்து, தலை பின்னி, பாவாடை கட்டிக்கொண்டு வருவதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆயா ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பாள். குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும், அதோடு தோலில் ஒரு அடையாளமும் வேண்டும். கிழங்கின் தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து, சாம்பலோடு ஒட்டி, கறுப்புப் பொட்டாக இறுகியிருக்கும். அந்தப் பொட்டு இல்லாத கிழங்கைத் திரும்பவும் புதைத்துவிடுவாள். பொட்டு வைத்த கிழங்கை இரண்டாக ஒடித்தால் உள்ளே வெண்மையில்லை. ஈரம் மின்னுகிற மஞ்சள் சதை. ஆவி முகத்தில் அடிக்கும். தொட்டுக்கொள்ள எதுவும் தரமாட்டாள், தேவையும் இருந்ததில்லை.

கிழங்கு எங்கள் கொல்லையில் விளைந்ததுதான். கிணற்று மேட்டை ஒட்டி மணல் கலந்த கொஞ்சம் இடம், நெல்லுக்கு உதவாது. புரட்டாசியில் பார் கட்டி, போன வருஷத்துக் கொடியை முழ நீளம் நறுக்கி ஊன்றினால் தை மாதம் தோண்டலாம். நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. படர்ந்த கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். விட்டுவிட்டால் கணுவுக்குக் கணு வேர் இறங்கி அங்கங்கே சுண்டுவிரல் பருமனில் கிழங்கு வைக்கும், அடிக்கிழங்கு பெருக்காது. மழை நின்ற காலைகளில் ஈரக்கொடியைப் புரட்டும்போது பாவாடையெல்லாம் நனையும். ஊதா நிறத்தில் பூ இருக்கும். அது கொல்லை வேலியில் பூக்கிற பூவைப் போலவே இருப்பதாக அப்போதே நினைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே குடும்பம் என்று பிறகு படித்தேன்.

தோண்டிய அன்றைக்கே ஆயா அதைச் சமைக்க விட்டதில்லை. தாழ்வாரத்தில் கோணியை விரித்துப் பரப்பி, ஒரு வாரமாவது போட்டு வைப்பாள். "பால் வத்தட்டும்" என்பாள். அந்த ஒரு வாரத்தில் மண்வெட்டி பட்ட காயங்கள் மேல்தோல் கட்டி ஆறும். மாவு கொஞ்சம் சர்க்கரையாக மாறும். பெரிய அளவில் கிழங்குச் சாகுபடி செய்கிற சில நாடுகளில் இதற்கென்று வெதுவெதுப்பும் ஈரமுமான அறையே வைத்திருக்கிறார்கள். எங்கள் தாழ்வாரம் அந்த வேலையைத் தானே செய்தது.

பள்ளிக்கூடத்துக்கு வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். 919-லும் 921-லும் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் பொறித்த குடவோலைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஊரை நிர்வகிக்க ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று தனித்தனியாக ஆட்களைக் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த விவரம் அதில் வருகிறது. இன்று நாடே அதைப் பேசுகிறது. எங்களுக்கு அது மழைக்கு ஒதுங்குகிற மண்டபம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பாவாடை மடிப்பிலிருந்து சூடான கிழங்கை எடுத்து உரித்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் பள்ளிக்குள் நுழைவேன்.

துடைத்ததற்குக் காரணம் இருந்தது. ஒருநாள் மதியம் வகுப்பில் டப்பாவைத் திறந்தபோது உள்ளே இரண்டு கிழங்கு மட்டும் இருந்தது. அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் இல்லை, நெல்லும் இல்லை. கொல்லைக் கிழங்குதான் எங்களைக் காப்பாற்றியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது பெரிதில்லை. பாடம் சொல்லிக்கொடுத்தவரே எட்டிப் பார்த்து, "உங்க வீட்ல சோறு பொங்கறதில்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் கிழங்கை டப்பாவோடு மூடி வைத்தேன். அடுத்த முப்பது வருஷம் யார் எதிரிலும் அதைத் தின்றதில்லை. என் கல்யாணத்துக்கு அப்புறமும், பொங்கலன்று மொச்சையும் பரங்கியும் அவரையும் சேர்த்து வைக்கிற கூட்டுக் குழம்பில் நாலு துண்டு போடுவேன், அவ்வளவுதான். இப்போது நினைத்தால் வெட்கப்பட்டதற்காக வருத்தப்படுகிறேன். கிழங்கின்மேல் ஒரு தப்பும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம். தோட்ட வாரியம் நடத்திய அந்தப் பெரியவர்கள் இந்தக் கிழங்கைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. சர்க்கரைவள்ளியின் பிறந்த மண் அமெரிக்கக் கண்டத்தின் நடுவும் தெற்கும். இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் காலத்தில்தான் கடல் வழியாக வந்தது, மிளகாயும் அப்படியே. வள்ளி நாச்சியார் பிறந்ததாகக் கதை சொல்லும் அந்தக் குழியில் இருந்த வள்ளிக்கிழங்கு வேறு. அது காட்டில் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற கொடி. புதிதாக வந்த விருந்தாளிக்கு நம்முடைய ஆட்கள் பழைய வள்ளி என்ற பெயரைக் கொடுத்து, முன்னால் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி உரிமையோடு ஒரு பெயரும் கொடுத்து, பஞ்ச காலத்தில் அதை நம்பிப் பிழைத்துவிட்டு, பிறகு ஏழைகளின் தீனி என்று ஒதுக்கினோம்.

சில வருஷங்களுக்கு முன் சென்னைக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலையோர மண்டபம் ஒன்றில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக ஒரு மேசை, அதன்முன் நீண்ட வரிசை. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சின்னத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மேசையில் எழுதியிருந்தது: "ரோஸ்டட் ஸ்வீட் பொட்டேட்டோ வித் ஹெர்ப்ஸ்." பட்டுப்புடவையோடு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பெண், "ரொம்ப ஹெல்தி ஆன்ட்டி, சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். வட்ட வட்டமான துண்டு, ஓரம் பொன்னிறம், மேலே ஊசி ஊசியாகப் பச்சை இலை. தட்டைப் பார்க்கவே அழகாக இருந்தது. வாயில் போட்டால் மாவு. இனிப்பே இல்லை. இலை தைலம் மாதிரி தனியாக மணந்தது.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் இல்லை. டப்பாவை மூடிய அந்தப் பிள்ளை நினைவுக்கு வந்தாள். அந்தக் கிழங்கு இவ்வளவு தூரம் வந்து மேசை ஏறியிருக்கிறது, ஆனால் ருசியை வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

மகள் வீட்டில் ஓடிஜி அடுப்பு இருந்தது. முதல் தடவை சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, எண்ணெய் புரட்டி, 220 டிகிரியில் வைத்தேன். கால் மணி நேரத்தில் நிறம் வந்துவிட்டது. மண்டபத்தில் சாப்பிட்டதே திரும்பவும் வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். சர்க்கரைவள்ளிக்குள் ஒரு நொதி இருக்கிறது. கிழங்கின் உட்பகுதி சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாகி மாவு இளகத் தொடங்கும்போது அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டிக்கொண்டே போகிறது. 80 டிகிரியை நெருங்கும்போது அதன் வேலை முடிந்துவிடும். பச்சைக் கிழங்கில் மால்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. வேகும்போதுதான் உண்டாகிறது. ஆகவே அந்த இடைப்பட்ட சூட்டைக் கிழங்கு எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ அவ்வளவு இனிப்பு. சின்னத் துண்டாக நறுக்கி நெருப்பில் வாட்டினால் நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை.

ஒரு சாண் சாம்பலுக்கு அடியில் ஒரு மணி நேரம். ஆயா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஜப்பானில் குளிர்காலத்தில் தெருவண்டியில் சூடான கூழாங்கல்லுக்கு நடுவே முழுக் கிழங்கைப் புதைத்துச் சுட்டு விற்கிறார்களாம். அங்கேயும் ஒரு ஆயாதான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அதற்கப்புறம் நான் செய்கிற முறை இது. கிழங்கைக் கழுவித் துடைத்து, தோலோடு முழுசாக 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிடுவேன். தட்டில் பாகு சொட்டி நுரை கட்டியிருந்தால் சரி. ஆயாவின் கறுப்புப் பொட்டு இங்கே தட்டில் விழுகிறது. வெளியே எடுத்து நன்றாக ஆறவிட வேண்டும், சூட்டில் நறுக்கினால் குழையும். ஆறியதும் தோலோடே விரல் பருமனுக்கு வட்டமாக நறுக்கி, நல்லெண்ணெயும் கல்லுப்பு பொடித்ததும் தடவி, 220-இல் பத்து நிமிஷம். இப்போது நிறம் தானாக வரும், இருக்கிற சர்க்கரைதான் பொன்னாகிறது. ஓடிஜி இல்லாதவர்கள் இரும்பு தோசைக்கல்லில் இதையே செய்யலாம்: கனமான சட்டியை மூடி, சிறு தீயில் முழுக் கிழங்கைத் திருப்பித் திருப்பி வேகவைத்து, பிறகு நறுக்கிக் கல்லில் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் பச்சைக் கிழங்கை வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் நடுப்பகுதி கல்லாகிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது.

இலைக்கு வருகிறேன். மகள் ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ என்று மூன்று பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். ரோஸ்மேரி நம் நீலகிரியிலேயே விளைகிறது, வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாக்கெட் இலையின் விலைக்கு மூன்று கிலோ கிழங்கு வாங்கியிருக்கலாம். நான் ஆரிகானோ பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தேன். எனக்கு உடனே சளி பிடித்த குழந்தையின் ஞாபகம் வந்தது. எங்கள் கிணற்றடியில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், கற்பூரவல்லி புதராக வளர்ந்திருக்கும். தடித்த இலை, வெல்வெட்டுத் துணி மாதிரி ரோமம். யாருக்காவது இருமல் என்றால் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து, தேன் கலந்து கொடுப்பார்கள். அந்த வாசனைக்கும் பாக்கெட்டில் இருந்த வாசனைக்கும் ஒரே காரணம்தான்: கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ச் சத்துகள். தைமுக்கும் நம்முடைய ஓமத்துக்கும் மணம் தருவது இதே தைமால்தான். கற்பூரவல்லியைக் கரீபியன் தீவுகளில் இறைச்சிக்கும் மீனுக்கும் போட்டுச் சமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கியூபா ஆரிகானோ என்றே ஒரு பெயர் உண்டு. நம் வீட்டில் அது பஜ்ஜிக்கும் மருந்துக்கும் மேல் போனதில்லை.

கற்பூரவல்லியை முதலிலேயே அடுப்பில் வைக்கக்கூடாது, கருகிக் கசக்கும். கிழங்கு வெளியே வந்த சூட்டிலேயே நாலு இலையை நூலாக நறுக்கித் தூவ வேண்டும். அதற்குமேல் வேண்டாம், மணம் பலமானது. கொத்தமல்லியும் கொஞ்சம் புதினாவும் இதோடு ஒத்துப்போகும். கறிவேப்பிலையை மட்டும் எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக்கி மேலே உதிர்த்துவிடுவேன். இடித்த மிளகு, இரண்டு சிட்டிகை ஓமம், கடைசியில் எலுமிச்சை.

அழகு என்று கேட்டால், அதற்கு நிறம்தான் முக்கியம். எங்கள் சந்தையில் கிடைப்பது சிவப்புத் தோலும் வெளிர் சதையுமான கிழங்கு. அதோடு ஆரஞ்சும் ஊதாவும் கலந்தால் தட்டு கோலம் போட்ட மாதிரி இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்குகிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பூ சோனா என்ற ஆரஞ்சு ரகத்தையும் பூ கிருஷ்ணா என்ற ஊதா ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. பூ சோனாவில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏவை உடம்பு அதிலிருந்து உண்டாக்கிக்கொள்ளும். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பார்வையைக் காக்க ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் கேலிக்கு ஆளான அந்தக் கிழங்குக்கு! ஊதாக் கிழங்கில் எலுமிச்சை பட்டால் நிறம் செந்நிறமாக மாறும். பேத்தி அதற்காகவே பழத்தைத் தன் கையால் பிழிவாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. சுட்ட கிழங்கு வேகவைத்ததைவிட வேகமாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இனிப்பு கூடுகிறது என்றால் அதற்கு விலை உண்டு. அவருக்கு வேகவைத்ததில் இரண்டே வட்டம், தயிர்சாதத்தோடு.

இப்போது ஊரில் யாரும் நெல் அவிப்பதில்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து லாரியில் கொட்ட, அங்கிருந்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அரிசி மூட்டையாகக் கடையிலிருந்து வருகிறது. அந்த வேலையில் பெண்களின் முதுகு ஒடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. வாசலில் விறகு அடுப்பு மூட்டுவது வருஷத்துக்கு ஒருநாள், பொங்கலன்று.

போன பொங்கலுக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பானையை இறக்கியதும் நான் கட்டையை ஒதுக்கி, கரண்டியால் குழி பறித்து, ஐந்து கிழங்கைப் புதைத்தேன். உள்ளே அடுப்பிலும் ஒரு தட்டு ஆகிக்கொண்டிருந்தது. பேத்தி இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். நேரமாகிறதே என்று குச்சியால் சாம்பலைக் கிளறப் போனவளை நான் தடுக்கும் முன், மகள் தடுத்தாள். "இரு. போயி குளிச்சிட்டு வா."

மத்தியானம் வாழையிலையில் குழம்புக்குப் பக்கத்தில் மூவர்ணக் கிழங்கு, மேலே பச்சை நூலாகக் கற்பூரவல்லி. சாம்பலில் வெந்ததை யாரும் இலைக்குக் கொண்டுவரவில்லை, வாசல்படியிலேயே உரித்துத் தின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் கரி.

கிளம்பும்போது மகள் கிணற்றடிக்குப் போய்க் கற்பூரவல்லியில் ஒரு விரல் நீளத் தண்டு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். வேர் வேண்டாமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம், ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும் என்றேன். பத்து நாள் கழித்து ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. பேசியது பேத்தி.

"ஆயா, ரெண்டு இலை விட்டிருக்கு. இப்ப கிள்ளலாமா?"

"இன்னும் நாலு வரட்டும்" என்றேன்.